வெட்டி ஒட்டிய சேசிஸ்: பழைய புல்லட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய புல்லட் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கிக்கரை உதைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், பிறகு டேங்கின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், உடனே விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எஞ்சினில் குறை இருந்தால் போரிங் செய்யலாம், பிஸ்டன் மாற்றலாம், கிராங்கைப் பிரித்துச் சரிசெய்யலாம். மட்கார்டும் சைலன்சரும் ஹெட்லைட்டும் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் இவை அனைத்தையும் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டகமான சேசிஸை முன்னொரு நாள் யாரோ வெட்டி, வேறு யாரோ ஒட்டி, அதன்மேல் பட்டி (மேடுபள்ளத்தை மறைக்கும் பசை) பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தக் குறை வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான், அதுவும் பெரும்பாலும் வேகத்தில்தான் வெளிப்படும். ஆகவே வடசென்னையில் மாடிஃபை செய்யப்பட்ட புல்லட் ஒன்றை வாங்க நினைப்பவர் சேசிஸைப் படித்து முடித்த பிறகே விலையைப் பற்றி வாய் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிப் படிப்பது என்பதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்கள் பகுதிக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவு பழையது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவானபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி புல்லட் தயாரித்தது திருவொற்றியூரில்தான். 1962 வாக்கில் பாகங்கள் அனைத்தும் இங்கேயே தயாராகத் தொடங்கின. அதனால் தேரடியிலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்தத் தெருவில் கேட்டாலும் புல்லட் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார்; ஒரு நட்டைக் கையில் வைத்தே அது எந்த இடத்து நட்டு என்று சொல்லக்கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே காரணத்தால்தான் இங்கே புல்லட்டை வெட்டி ஒட்டும் பழக்கமும் அதிகம். அமெரிக்காவில் 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரை வெட்டித் தாழ்த்தி ஹாட் ராட் ஆக்கியவர்களுக்கு இருந்த அதே ஆசை, இங்கே புல்லட்டின் பின்பகுதியை வெட்டி பாபர் ஆக்குகிறவர்களுக்கும், முன்ஃபோர்க்கை நீட்டிச் சாப்பர் ஆக்குகிறவர்களுக்கும் இருக்கிறது. அந்த ஆசையில் எனக்கு மதிப்பு உண்டு. வேலை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 சிசி புல்லட்டின் சேசிஸில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது என்பதே. கைப்பிடியும் முன்ஃபோர்க்கும் சுழலும் முன்முனையான ஸ்டியரிங் தலையிலிருந்து இறங்கி வரும் டவுன் டியூப் எஞ்சினின் முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடம் வரை, எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றைப் பிடித்திருக்கும் இரும்புப் பிளேட்டுகளும் சேர்ந்தே சட்டகத்தின் கீழ்ப்பகுதியாக வேலை செய்கின்றன. எனவே முன் எஞ்சின் போல்ட்டின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, பிளேட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்பியிருந்தாலோ, அது ஏதோ சில்லறைக் குறை என்று விட்டுவிடக் கூடாது. வண்டியின் அடிக்கட்டே தளர்ந்திருக்கிறது என்று பொருள். டீசல் எஞ்சின் பொருத்துவதற்காகப் பிளேட்டுகளையும் டவுன் டியூபின் அடிமுனையையும் வெட்டி, பிறகு மறுபடி பெட்ரோல் எஞ்சினையே உட்கார வைத்த வண்டிகளில் இந்தத் தடயம் நிச்சயம் இருக்கும். நிறுவனமே டாரஸ் என்ற பெயரில் டீசல் வண்டி விற்றதால், ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது

பகல் வெளிச்சத்தில் போங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் டியூப்லைட் அடியில் வண்டி காட்டுகிறேன் என்பவரிடம் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு சிறிய கைக்கண்ணாடி, துணியில் சுற்றிய காந்தம், அளவு டேப், கொத்தனார் வைத்திருப்பது போன்ற தூக்குக்குண்டு, நீளமான நூல், ஒரு பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சுண்ணக்கட்டி இருந்தால் போதும். போனவுடன் சீட்டையும் டேங்கையும் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாயைப் பிரித்து, நான்கைந்து போல்ட்டுகளைக் கழற்றினால் டேங்க் கையோடு வந்துவிடும். பத்து நிமிட வேலை. "அண்ணே, டேங்கைக் கழட்டுனா கோல்டு லைன் கீறிடும்" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். திருவொற்றியூரில் கையாலேயே வரையப்பட்ட அந்தப் பொன்கோட்டுக்கு இருக்கும் அழகை நான் மறுக்கவில்லை. பழைய போர்வை ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தால் கீறாது. கழற்ற மறுக்கும் வண்டியை வாங்க வேண்டாம்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பூர்ப் பக்கம் ஒருவரிடம், முன்ஃபோர்க்கைச் சாய்த்துச் சாப்பர் போலச் செய்திருந்த ஒரு புல்லட்டை டேங்கைக் கழற்றாமலேயே வாங்கினேன். மணலி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது கைப்பிடி லேசாகத் துடிப்பதை முதலில் டயரின் குறை என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங் தலைக்குக் கீழே கறுப்புப் பெயிண்டின்மேல், தேநீர் வடிந்து காய்ந்தது போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. துடைத்தேன்; போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் வந்தது. மெக்கானிக் சுரண்டிப் பார்த்தபோது, பெயிண்டுக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் பட்டி, அதற்கடியில் குழாயைச் சுற்றி முக்கால்வாசி வரை ஓடியிருந்த விரிசல், விரிசலுக்குள் துரு. தலைப்பகுதியை வெட்டிச் சாய்த்து, உள்ளே எதுவும் கொடுக்காமல் முனையோடு முனை வைத்து வெல்டிங் அடித்து, அழகுக்காக அந்த வெல்டிங்கையும் கிரைண்டரில் சமமாகத் தேய்த்திருந்தார்கள். "கடவுள் காப்பாத்துனாரு தம்பி, இதுல எங்கயும் போவாத" என்று சொல்லி, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டின் உள்ளே நிறுத்திவிட்டார்.

தலையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டியரிங் தலைக்கே பாதி நேரத்தைக் கொடுங்கள். தலைக்குழாயும் மேல்குழாயும் டவுன் டியூபும் சேரும் இடம்தான் பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் எல்லா விசையும் வந்து குவியும் இடம். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, டவுன் டியூபின் அடிப்பக்கத்தையும் மேல்குழாயின் கீழ்ப்பக்கத்தையும் தலையிலிருந்து ஒரு சாண் தூரம் விரலால் தடவிப் பாருங்கள். முன்னால் மோதிய வண்டியில் அங்கே சிறு புடைப்போ அலையோ கையில் தட்டும். பெயிண்ட் அதைக் கண்ணுக்கு மறைக்கும், விரலுக்கு மறைக்காது. அடுத்து காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அதன் பிடி சட்டெனத் தளரும்.

பிறகு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மூட்டுகளைப் பாருங்கள். நல்ல வெல்டிங் மீன் செதிலைப் போல ஒன்றையொன்று சற்றே மூடிய சீரான வரிசையாக, குழாயோடு இழைந்து இறங்கும். குழாயின் மேலே மெழுகு சொட்டியது போலக் குவிந்து உட்கார்ந்திருந்தால், உலோகம் உள்ளே உருகிச் சேரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஓரத்தில் நகத்தால் உணரக்கூடிய பள்ளம், ஊசி குத்தியது போன்ற துளைகள், சுற்றிலும் தெறித்த மணிகள், இவையெல்லாம் அவசரக் கையின் அடையாளங்கள். தலைமூட்டில் வெல்டிங்கே தெரியாமல் வழவழப்பாக இருந்தால் மகிழ வேண்டாம். தேய்த்துச் சமப்படுத்திய வெல்டிங்கில் சதை குறைந்துபோயிருக்கும்.

விரிசல் சந்தேகம் வந்தால், விற்பவரின் சம்மதத்தோடு அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியின்மேல் மயிரிழை போலக் கறுத்த கோடு எழும். பேரிங் கடைகளிலும் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே இதே வேலையை இன்னும் தெளிவாகச் செய்யும்.

தலையின் சாய்வை மாற்றிய வண்டியில் டிரெயில் எனப்படும் அளவையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தண்டின் சாய்வுக் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளி, முன் அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் தொடும் புள்ளிக்கு முன்னால் விழும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே டிரெயில். நேரான கட்டை ஒன்றும் தூக்குக்குண்டும் இருந்தால் இதை வீட்டு வாசலிலேயே அளக்கலாம். தலையைப் படுக்க வைக்க வைக்க இந்தத் தூரம் கூடும். நேர்ச்சாலையில் வண்டி அசையாமல் போகும், ஆனால் தங்கசாலைத் தெருக்களின் நெரிசலில் மெதுவாகத் திருப்பும்போது கைப்பிடி கனத்து ஒரு பக்கமாக விழப்பார்க்கும். தூரம் குறைந்துபோனால் நேர்மாறாக, வேகத்தில் கைப்பிடி துடிக்கும். பக்கத்தில் மாற்றப்படாத புல்லட் ஒன்று நின்றால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. கைப்பிடியை முழுதாக இருபக்கமும் திருப்பி, தடுப்புக் குமிழ்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றை வெட்டிவிட்ட வண்டிகளில் ஃபோர்க் நேராக டேங்கில் போய் இடிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், தலையை வெட்டிய சேசிஸை வாங்காதீர்கள் என்பதே என் அறிவுரை. அந்த வேலையைச் சரியாகச் செய்ய வண்டியின் அளவுக்கேற்ற ஜிக், அதாவது குழாய்களைச் சரியான கோணத்தில் அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம், வேண்டும். அது இல்லாமல் கண் அளவில் செய்யப்பட்டதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பின்பகுதி

பாபர் வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் நீளும் குழாய்களை வெட்டியிருப்பார்கள். ஷாக் அப்சர்பரின் மேல்முனை பொருந்தும் இடத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டியிருந்தால் பெரிய கவலை இல்லை. வெட்டிய முனைகளை மூடி அடைத்திருக்கிறார்களா, இரண்டு பக்கக் குழாய்களையும் குறுக்கே ஒரு வளைவுக் குழாயால் இணைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். திறந்த முனையில் மழைத்தண்ணீர் இறங்கும். இணைப்பு இல்லாத குழாய்கள் எஞ்சின் அதிர்வில் தனித்தனியாக ஆடி, வேரில் விரிசல் விடும்.

ஷாக் அப்சர்பரின் பொருத்துமிடத்தையே நகர்த்தியிருந்தால் கதை வேறு. புதிய காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, குழாயின் சுவரில் வெறுமனே ஒட்டியிருக்கிறார்களா, அடியில் தாங்குதகடு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட குழாயில், உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி, இருபக்கமும் ஓட்டை போட்டு அந்த ஓட்டைகளிலும் வெல்டிங் நிரப்பியிருப்பதே முறையான வேலை. மூட்டின் இருபுறமும் நாணய அளவில் வட்டமான வெல்டிங் தழும்புகள் இருந்தால், செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம். மூட்டுக்கு மேலே தகடு வைத்துப் பலப்படுத்தியிருந்தால் அந்தத் தகட்டின் முனைகளைக் கவனியுங்கள். முனை கூம்பிச் சென்றால் விசை மெல்லக் கடக்கும். சதுரமாக வெட்டி நிறுத்தியிருந்தால், நாளைய விரிசல் சரியாக அந்த மூலையில்தான் பிறக்கும். எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் ஒரு தகடு இருந்தால், அங்கே முன்பு ஏதோ உடைந்திருக்கிறது.

ஸ்விங் ஆர்மையும் ஷாக் அப்சர்பரையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய்களால் பின்சக்கரத்தைக் கட்டிய ஹார்டுடெயில் வண்டி பார்க்க அழகுதான். ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் உழுதுவிட்ட குழிகளின் அடி முழுவதும் அந்த இரண்டு மூட்டுகளுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நேராகப் போகும். தினமும் ஓட்டப்போகிறவருக்கு அது உதவாது. அகலமான டயருக்காக ஸ்விங் ஆர்மை விரித்திருந்தால், பின்னாலிருந்து குனிந்து இரண்டு பல்சக்கரங்களும் செயினும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். செயினின் ஒரு பக்கத் தகடுகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கோடு விலகியிருக்கிறது.

வண்டி நேராக இருக்கிறதா என்று அளப்பதற்கு நூல் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்டயரின் இருபக்கமும் தொடும்படி நூலை முன்னால் இழுத்துப் பிடித்தால், முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குமுன் பின் அச்சின் இருபக்கமும் உள்ள நத்தை வடிவச் செயின் அட்ஜஸ்டர்கள் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். ஒரே பல்லில் வைத்தால் சக்கரம் கோணுகிறது, கோணலைச் சரிசெய்ய ஒருபக்கம் இரண்டு பல் கூட்ட வேண்டியிருக்கிறது என்றால், ஸ்விங் ஆர்மோ சேசிஸோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. அச்சுக்கு அச்சு உள்ள நீளம் தொழிற்சாலை வண்டியில் சுமார் 1370 மில்லிமீட்டர். இதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் எங்கே வெட்டினார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். உப்புக்காற்று குழாயை வெளியே தின்பதைவிட உள்ளே அதிகம் தின்னும். மீன்கூடையும் ஐஸ்பெட்டியும் சுமப்பதற்காகக் கேரியர் ஒட்டிய வண்டிகளில் அந்த உப்புத்தண்ணீர் வெல்டிங் மூட்டுகளில் ஆண்டுக்கணக்கில் வடிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் மணியோசையும் துருப்பிடித்த இடத்தில் மண்பானை விரிந்த ஓசையும் கேட்கும். பேட்டரி தாங்கியின் அடியும் ஸ்டாண்டுகளின் காதுகளும் முதலில் போகும் இடங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால், குழாய்களுக்குள் சேறு தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

எண்ணும் சட்டமும்

சேசிஸ் எண் ஸ்டியரிங் தலையில் குத்தப்பட்டிருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழம் ஏறி இறங்கினால், சுற்றியுள்ள இரும்பு அரம் போட்டது போலப் பள்ளமாக இருந்தால், அல்லது எண் இருக்கும் துண்டின் ஓரத்தில் வெல்டிங் தெரிந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது திருட்டு வண்டியின் சேசிஸாக இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றியது முந்தையவர்தான் என்றாலும், சாலையில் நிறுத்தப்படும்போது பதில் சொல்லப்போகிறவர் நீங்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது எஃப்சி (தகுதிச் சான்று) ஆனது, அப்போது வண்டி இதே வடிவில் இருந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு பெறலாம் என்று ஆசை காட்டுவார்கள். 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்குக் கிடைக்கும் அந்தப் பதிவு, சேசிஸோ எஞ்சினோ மாற்றப்படாத வண்டிகளுக்கு மட்டுமே உரியது. இன்சூரன்ஸ் நிறுவனமும் விபத்துக்குப் பிறகு மாற்றங்களைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முயலலாம்.

இவ்வளவிலும் தேறிய வண்டியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். பிரேக்கை மெல்ல இறுக்கும்போது தலை இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு வெல்டிங் செய்தவர் யார் என்று கேட்டு, முடிந்தால் அந்தப் பட்டறைக்கே போய்ப் பேசுங்கள். நல்ல வேலை செய்தவர் எங்கே வெட்டினேன், உள்ளே என்ன கொடுத்தேன், ஆர்கான் வெல்டிங்கா கேஸ் வெல்டிங்கா என்று தயங்காமல் சொல்வார்.

வாங்கிய பிறகு முதல் வேலையாகச் சேசிஸை முழுக்கச் சுரண்டி, பட்டி பூசாமல், மூட்டுகள் தெரியும்படி மெல்லிய வெளிர்நிறப் பெயிண்ட் ஒரே பூச்சு அடியுங்கள். கறுப்பில் மறையும் துருக்கோடு சாம்பல் நிறத்தில் உடனே தெரியும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் டேங்கைக் கழற்றி, தலைமூட்டையும் ஷாக் அப்சர்பர் காதுகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள்.